வீட்டைக் கட்டியது காப்பியா, அரிசியா?

ஜூன் 4, ஞாயிறு. பள்ளத்தூர் வாசகி ஒருவரின் கேள்வி

கும்பகோணத்துக்கு டிகிரி காப்பி இருக்கிறது. கூர்க்குக்கும் சிக்மகளூருக்கும் கொட்டை இருக்கிறது. செட்டிநாடு என்று பலகை மாட்டி உலகமெங்கும் கோழிக்குழம்பு விற்கிறார்கள். ஆனால் காலையில் எழுந்ததும் ஒரு தடவை, பலகாரத்தோடு ஒரு தடவை, இடைப்பலகாரத்தோடு இன்னொரு தடவை என்று நாம் குடிக்கிற காப்பிக்கு நம் ஊர்ப் பெயர் ஒட்டவில்லை. ஏன்? அது எந்த வழியாக நம் ஊருக்கு வந்தது?

ஜூன் 4, இரவு

ஆச்சி, பெயர் ஒட்டவில்லை என்றால் சொந்தம் இல்லை என்று ஆகிவிடுமா? கும்பகோணத்துக்காரர்கள் பில்டர் வாங்குவதற்கு முன்பே நம் செட்டியார்கள் காப்பியைப் பேரேட்டில் எழுதிவிட்டார்கள். குடித்துப் பார்த்தார்களா என்பது வேறு விஷயம்.

பிரிட்டிஷார் இலங்கையில் கண்டியைப் பிடித்தது 1815-இல். 1830-களிலிருந்து மலைக்காட்டை அழித்துக் காப்பி நட்டார்கள். காடு வெட்டவும் பழம் பறிக்கவும் போனவர்கள் ராமநாதபுரம், புதுக்கோட்டை, மதுரை, திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்து ஏழைகள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். பிழைத்துப் போய்ச் சேர்ந்தவர்களுக்கு அரிசி வேண்டும். அரிசி இறக்க முதல் வேண்டும். அந்த முதலைக் கொடுக்கக் கொழும்பில் செட்டியார் தெரு இருந்தது. 1870 வாக்கில் இலங்கை ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி பவுண்டு எடைக் காப்பியைக் கப்பலேற்றியது.

எங்கள் வீட்டுக்கே தெருவில் 'காப்பி வீடு' என்றுதான் பெயர். பாட்டையா (கொள்ளுத்தாத்தா) கொழும்பில் காப்பிக் காசு சம்பாதித்துக் கட்டியது. பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், முகப்பில் நின்றால் பின்கட்டு வரை பார்வை ஓடும் கதவு வரிசை. இப்போது வீட்டின் மூன்றாம் கட்டுப் பகுதியில் ஓடு சரிந்து கிடக்கிறது, அது வேறு கதை. பங்காளிகள் 11 பேர்.

ஜூன் 6

தேவகோட்டை அண்ணன் ஒருவர் ஒரே வரி கேட்டிருக்கிறார்: பாட்டையா எந்த ஆண்டு கப்பல் ஏறினார்?

34 ஆண்டு வங்கியில் கணக்குப் பார்த்தவனிடம் கணக்குக் கேட்கிறார். பார்த்துச் சொல்கிறேன்.

ஜூன் 7

பார்த்துவிட்டேன். முகம் கொஞ்சம் தொங்கித்தான் போயிற்று.

மரப்பெட்டியில் இருந்த முதல் குறிப்பேடு 1897-இல் தொடங்குகிறது. அப்போது பாட்டையாவுக்கு 17 வயது. தூத்துக்குடியில் கப்பல் ஏறி, கொழும்பில் ஒரு உறவினர் கிட்டங்கியில் (செட்டியார்கள் கூடித் தொழில் செய்யும் கூடம்) பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, உட்கார்ந்திருக்கிறார். 1897-இல் இலங்கையில் காப்பி எங்கே இருந்தது? 1869-இல் இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி பூத்தது. இலைத்துரு நோய். தோட்டத்துரைகள் முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. காப்பி விலை ஏறிக்கொண்டிருந்ததால் இன்னும் காட்டை வெட்டி இன்னும் நட்டார்கள். 1870-களின் கடைசியில் பரப்பு ஏறத்தாழ 2,75,000 ஏக்கர். உச்சத்தில் நின்றுகொண்டே விழுந்தார்கள். 1884-இல் ஓரியண்டல் பாங்க் கார்ப்பரேஷன் கதவைச் சாத்தியது. இலங்கையில் நோட்டு வெளியிட்டு வந்த வங்கி அது. காப்பிக்குக் கொடுத்த கடன் திரும்பாதது அதற்கு ஒரு பெரிய காரணம். சிலர் சின்கோனா (காய்ச்சல் மருந்துக்கான மரம்) நட்டுப் பார்த்தார்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867-இலேயே லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். மற்றவர்கள் பிறகு அவர் வழியில் போனார்கள்.

ஆகவே பாட்டையா போய் இறங்கும்போது மலையெல்லாம் தேயிலை. 'காப்பிக் காசு' என்று தலைமுறை தலைமுறையாக நாங்கள் சொல்லிவந்தது, கணக்குப்படி பார்த்தால், பொய்.

முதல் பதிவில் எழுதிய பொதுக்கதை சரி. என் வீட்டைப் பற்றிய வரியை மட்டும் அடித்துப் படியுங்கள்.

ஜூன் 7, சற்று நேரம் கழித்து

தேயிலைக் காசு என்றும் சொல்ல முடியவில்லை. பேரேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அரிசி மூட்டை, அரிசி மூட்டை, உண்டியல் (பணம் அனுப்பும் சீட்டு), நடப்பு வட்டி, மறுபடி அரிசி மூட்டை. 1903 ஐந்தொகையில் (ஆண்டுக் கணக்கில்) தேயிலை என்ற சொல் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. அதுவும் கிட்டங்கிச் செலவில், குடிப்பதற்கு வாங்கியது.

மலையில் காப்பி செத்துத் தேயிலை வந்தாலும், பறிக்கிறவர்களுக்குப் பசிப்பது ஒன்றுதான். துரைகளுடைய வங்கி திவாலானபோது அரிசிக்காரன் தப்பித்தான். என் தொழில்புத்தி இதை மெச்சுகிறது. ஆனால் அந்த அரிசியின் விலை கூலியிலிருந்துதான் கழிக்கப்பட்டது. கங்காணிக்கு (ஆள் சேர்க்கும் மேஸ்திரிக்கு) ஆள் பட்ட கடனைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று தோட்டத்தில் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் வேறு தோட்டத்துக்கு ஆள் போக முடியும். மெச்சுவதை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜூன் 8

இல்லை, இன்னொரு திருத்தமும் வேண்டியிருக்கிறது. இந்த இலைத்துருவால்தான் இங்கிலாந்துக்காரன் காப்பியை விட்டுத் தேநீருக்கு மாறினான் என்று நேற்று ஒருவருக்குத் தனியே எழுதினேன். எல்லோரும் சொல்வதுதான், நானும் சொன்னேன். தப்பு. அவன் அதற்கு நூறாண்டு முன்பே மாறிவிட்டான். 1784-இல் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்தார்கள். அதன் பிறகு ஏழை வீட்டிலும் தேநீர்தான். இலங்கையில் மாறியது என்ன பயிரிடுவது என்பது மட்டும். வரி குறைந்ததால் ஒரு நாட்டின் நாக்கே மாறும் என்பதை வரி கட்டியவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

ஜூன் 11, ஞாயிறு

ஆட்டுக்கதையை யாரோ போட்டிருக்கிறார்கள். எத்தியோப்பியாவில் ஆடு மேய்க்கிற பையன், சிவப்புப் பழத்தைத் தின்று ஆடுகள் குதித்தன, அதைக் கண்டு மனிதனும் தின்றான். நல்ல கதை. பேரப்பிள்ளைகளுக்கு நானும் சொல்லியிருக்கிறேன். அது அச்சில் முதலில் வந்தது 1671-இல், ரோமாபுரியில், நைரோனி என்ற பேராசிரியர் எழுதிய இலத்தீன் நூலில். அதற்கு 200 ஆண்டு முன்பிருந்தே ஏமனில் சூபிகள் இரவுத் தொழுகையில் கண் அயராமலிருக்கக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். செடி எத்தியோப்பியக் காட்டுச் செடி என்பதில் சந்தேகமில்லை. ஆடு குதித்ததா என்று சாட்சி சொல்ல யாரும் இல்லை.

நம் பக்கத்துக் கதையில் ஆட்டுக்குப் பதிலாக இடுப்புக்கச்சை. ஹஜ் போய்விட்டுத் திரும்பிய பாபா புதன், ஏமனிலிருந்து 7 விதைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பார்கள். 17-ஆம் நூற்றாண்டுக் கதை. மலைக்கு அவர் பெயர்தான். முளைக்கும் விதை வெளியே போகக்கூடாது என்று ஏமன்காரர்கள் காத்துக்கிடந்தார்கள். மோக்கா துறைமுகத்தின் வரும்படியே அதில்தான் இருந்தது. பிறகு டச்சுக்காரர்கள் ஜாவாவில் நட்டார்கள். ஜாவாச் செடி ஒன்று 1706-இல் ஆம்ஸ்டர்டாம் தோட்டத்துக்குப் போயிற்று. அதன் பிள்ளை 1714-இல் பதினான்காம் லூயி மன்னனுக்குப் பரிசானது. அங்கிருந்து மேற்கிந்தியத் தீவுகள். 1780-களின் முடிவில் உலகக் காப்பியில் ஏறத்தாழப் பாதி, பிரெஞ்சுக்காரர்களிடமிருந்த செயின்ட் டொமிங் என்ற ஒரே இடத்தில் அடிமைகளால் விளைந்தது. 1791-இல் அந்த அடிமைகள் எழுந்தார்கள். இன்றைக்கு அந்த நாட்டுக்கு ஹைத்தி என்று பெயர்.

ஏழு விதை, ஒரு செடி. கதையில் எல்லாம் சின்னதாக இருக்கும்.

ஜூன் 12

காப்பியை யாராவது தடை செய்ததுண்டா என்று கேட்ட தம்பிக்கு: 1511-இல் மக்காவில் கயிர் பேக் என்ற அதிகாரி காப்பியைத் தடுத்தார். கெய்ரோவில் இருந்த சுல்தான் அதை மாற்றினார். 1633-இல் இஸ்தான்புல்லில் நான்காம் முராத் காப்பிக் கடைகளை மூடினார். இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ், 1675 டிசம்பர் 29 அன்று காப்பிக் கடைகளை மூடும்படி ஆணையிட்டார். எதிர்ப்பைப் பார்த்து ஜனவரி 8-ஆம் தேதியே பின்வாங்கினார். பதினோரு நாள்கூட முழுதாக ஆகவில்லை.

எங்கள் ஐயா அவரைவிட உறுதியானவர். பால்கணக்கு ஏறுகிறது என்று ஒரு ஆடி மாதம் வீட்டில் காப்பியை நிறுத்தினார். அப்பத்தாவுக்கு இரண்டாம் நாள் தலைவலி. மூன்றாம் நாள் சமையற்காரருக்குத் தலைவலி. நான்காம் நாள் மதியம் சோறு வரவில்லை. ஐந்தாம் நாள் காலை காப்பி வந்தது. யாரும் எதுவும் பேசவில்லை.

தலைவலி வெறும் நடிப்பில்லை. கஃபீன் மூளையில் தூக்கம் வரவழைக்கும் அடினோசின் உட்காருகிற இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. திடீரென்று நிறுத்தினால் இரத்தக்குழாய்கள் விரிந்து தலை இடிக்கும். ராஜாக்கள் பயந்தது வேறொன்றுக்கு. சாராயக்கடையில் உட்கார்ந்தவன் பாடுவான், சண்டை போடுவான், தூங்குவான். காப்பிக்கடையில் உட்கார்ந்தவன் விழித்துக்கொண்டு அரசாங்கத்தைப் பற்றிப் பேசுவான்.

ஜூன் 12, இரவு

விட்டுப்போனது. லண்டனில் முதல் காப்பிக்கடை 1652. ஒரு பென்னி கொடுத்தால் யாரும் உட்காரலாம், செய்தித்தாள் படிக்கலாம். எட்வர்ட் லாயிட் என்பவருடைய கடையில் கப்பல்காரர்கள் கூடினார்கள், அங்கேதான் லாயிட்ஸ் கப்பல் காப்பீடு முளைத்தது. ஜோனதன் கடையில் பங்கு வாங்கி விற்றார்கள், அது பங்குச்சந்தை ஆயிற்று. படிக்கும்போதெல்லாம் எனக்குக் கிட்டங்கிதான் நினைவுக்கு வருகிறது. நீளமான கூடம், ஆளுக்கொரு கைப்பெட்டி, ஒரு பாய், யார் நம்பகமானவன் என்ற பேச்சு. நம்மவர்கள் காப்பி இல்லாமலே அதைச் செய்தார்கள்.

'யாரும் உட்காரலாம்' என்று எழுதினேன். ஆண்கள் என்று திருத்திக்கொள்ளுங்கள்.

ஜூன் 15

பள்ளத்தூர் ஆச்சியின் முதல் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறேன். நம் ஊர்க் காப்பிக்கு ஏன் பெயர் இல்லை? என் எண்ணம் இது. நம் சாப்பாட்டுக்குப் பெயர் வந்தது வெளியூர் மெஸ்களால். வீட்டுச் சமையற்காரர்கள் வெளியே போய்க் கடை வைத்தார்கள், பலகையில் ஊர்ப்பெயரை எழுதினார்கள். காப்பி விற்றவர்கள் வேறு ஆட்கள். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் காப்பி கிளப் நடத்தியவர்கள் பிராமணர்கள், பிறகு உடுப்பிக்காரர்கள். நம் காப்பி வீட்டுக்குள் இரண்டாம் கட்டோடு நின்றுவிட்டது. விற்காத பொருளுக்கு யார் பெயர் வைப்பார்கள்?

ஜூன் 16

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று சொல்லி, எழுதியிருக்கிறார். அவருடைய தாத்தா எங்கள் பக்கத்து ஊரில் கொத்தனார். 'உங்கள் காப்பி இரண்டாம் கட்டோடு நிற்கவில்லை. கொல்லைப்புறம் வரை வந்தது. எதில் வந்தது என்று எழுதுங்கள்.'

சரி. கிராமத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது எல்லோருக்கும் தெரியும். தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தனிக் குவளை, அவர்களே கழுவி வைக்கவேண்டும், சில இடங்களில் சிரட்டை. நகரத்தில் 'பிராமணாள்' என்ற பலகை. பெரியார் 1957-இல் சென்னையில் ஒரு ஹோட்டலின் பெயர்ப்பலகையிலிருந்து அந்தச் சொல்லை அழிக்கச் சொல்லித் தினமும் மறியல் நடத்தினார். அதே 1957-இல்தான் வேலையிழந்த இந்தியா காபி ஹவுஸ் தொழிலாளர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் முன்னின்று ஊக்க, கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து தாங்களே கடை நடத்தத் தொடங்கினார்கள். லண்டனில் ஒரு பென்னியில் கிடைத்த உட்காரும் உரிமைக்கு இங்கே 300 ஆண்டுக்குப் பிறகும் மறியல் வேண்டியிருந்தது.

இதெல்லாம் ஊர்க்கதை. அவர் கேட்டது எங்கள் வீட்டை. எங்கள் கொல்லைப்புற அறையில் மங்குக் (பீங்கான்) குவளைகள் எட்டு இருக்கின்றன. வெள்ளை, விளிம்பில் நீலக்கோடு. மற்ற மங்குச் சாமான்களெல்லாம் இரண்டாம் கட்டு அலமாரியில் இருக்க, இவை மட்டும் ஏன் விறகறைக்குப் பக்கத்தில் என்று சின்ன வயதில் நான் கேட்டதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஒருவர் போன மாதம் வந்து பார்த்து, நல்ல விலை தருகிறேன் என்றார். ஐரோப்பாச் சாமானாம். ஹோட்டல்காரர்கள் விருந்தினர்களுக்குக் காப்பி கொடுக்க விரும்பி வாங்குகிறார்களாம்.

விசாரித்துவிட்டு எழுதுகிறேன்.

ஜூன் 18, ஞாயிறு

அதற்குள் பேச்சு பிரேசிலுக்குப் போய்விட்டது. போகட்டும், இது எனக்குப் பிடித்த இடம்.

1929 உலகப் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு காப்பி விலை விழுந்தது. விலையைத் தாங்கிப் பிடிக்க பிரேசில் 1931 முதல் 1944 வரை 7 கோடியே 80 லட்சம் மூட்டைக் காப்பியை எரித்தும் கடலில் கொட்டியும் அழித்தது. மூட்டைக்கு 60 கிலோ. தேங்கிய சரக்கை என்ன செய்வது என்று அவர்கள் நெஸ்லேயைக் கேட்டதன் விளைவுதான் 1938-இல் வந்த நெஸ்கஃபே. நம் வீட்டில் பில்டர் காப்பியை ஓரங்கட்டிய பொடி அந்தச் சரிவுகாலத்துப் பிள்ளை.

அதே சரிவு பர்மாவில் நெல் விலையைத் தள்ளியது. கடன் வாங்கிய உழவர்களால் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம், 1938-இல் 25 சதவீதம். நிலம் வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை, பணம்தான் கேட்டார்கள், நிலம் வந்தது. பர்மியர்கள் கண்ணுக்கு அது அப்படித் தெரியவில்லை. தெரியவேண்டிய கட்டாயமும் இல்லை. 1942-இல் ஜப்பான்காரன் வந்ததும் நம்மவர்கள் பலர் நடந்தே ஊர் திரும்பினார்கள். சின்ன ஐயா கையில் ஒரு பேரேடு, இன்னொரு கையில் கூஜா. கூஜா வந்து சேர்ந்தது, பேரேட்டுக்கு மதிப்பில்லை.

கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்தது, இன்று கல்யாண இலையில் நம் பலகாரம். விற்காத பொருளுக்கு யார் பெயர் வைப்பார்கள் என்று மேலே எழுதியது முழுதும் சரியில்லை போலிருக்கிறது.

ஜூன் 20

சிக்கரி கலக்கலாமா என்று மூன்று பேர். கலக்கலாம். அது நம் கஞ்சத்தனத்தின் கண்டுபிடிப்பு இல்லை. 1806-இல் நெப்போலியன் இங்கிலாந்து வணிகத்தை மறித்ததும் ஐரோப்பாவுக்குக் காப்பி வருவது சுருங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் சிக்கரி வேரை வறுத்துப் பொடித்துக் கலந்தார்கள், அந்தக் கசப்பே பிறகு ருசியாகிவிட்டது. நான் 80-க்கு 20. கொட்டையில் பாதி பீபெரி (ஒற்றைக் கொட்டை), பாதி பிளாண்டேஷன் ஏ ரகம். பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் போனால் கொட்டையாகவே வாங்கி வருவேன்.

சிக்கரியைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். சின்ன வயதில் ஊருணித் தண்ணீரில் போட்ட காப்பி. ஊருணியில் கால் வைக்கக்கூடாது, செருப்போடு கரை ஏறக்கூடாது. மழைத்தண்ணீர், மென்மையான தண்ணீர். இப்போது ஆழ்குழாய்த் தண்ணீர். அதிலிருக்கும் உப்பு கொட்டையின் மெல்லிய புளிப்பை அடித்துவிடுகிறது. டிக்காஷன் கறுப்பாக இறங்கும், வாயில் மண்ணாக இருக்கும். கொட்டையை மாற்றி மாற்றிப் பார்த்து இரண்டு ஆண்டு வீணாக்கினேன். கடைசியில் பிடித்துவைத்த மழைத்தண்ணீரில் போட்டதும் அப்பத்தா கைக்காப்பி திரும்பி வந்தது. முழுதாக இல்லை. முக்கால்.

ஜூன் 21

இரண்டாம் டிக்காஷனை விருந்தாளிக்குக் கொடுப்பது பாவம். உறவினருக்குக் கொடுப்பது கணக்கு.

ஜூலை 2, ஞாயிறு

அயித்தையைப் பார்க்கப் போயிருந்தேன். 91 வயது, காது மந்தம், நினைவு கத்தி.

'காப்பி வீடு' என்ற பெயரைக் கேட்டேன். கொழும்பும் இல்லை, காப்பிக் காசும் இல்லை. வீடு கட்டியது 1909 முதல் 1912 வரை. அந்த மூன்று ஆண்டும் அயித்தையின் அப்பத்தா, அதாவது பாட்டையாவின் மனைவி, தினமும் பிற்பகலில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்களாம். மற்ற வீடுகளில் நீராகாரம்தான். காப்பி கொடுக்கிற வீடு என்று ஆட்கள் தேடி வந்தார்களாம். அவர்கள் வைத்த பெயர் அது. தெருவில் நிலைத்தது. நாங்கள் உள்ளே இருந்துகொண்டு அதற்குக் கொழும்பில் காரணம் தேடினோம்.

எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு நிமிடம்தான். எதில் கொடுத்தார்கள் என்று அடுத்துக் கேட்டேன்.

"மங்குக் குவளையில்தான். அதற்கென்றே எட்டு வாங்கியது. குடித்துவிட்டு அவர்களே கிணற்றடியில் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். பிறகு அது கட்டுக்குள் வந்ததில்லை" என்றார்கள் அயித்தை. சொல்லும்போது குரலில் எந்த மாற்றமும் இல்லை. எனக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார்கள். வெள்ளி டம்ளரில் வந்தது.

ஜூன் 16 அன்று எழுதியவருக்கு: நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். உங்கள் தாத்தா பக்கத்து ஊர் என்றீர்கள். எங்கள் வீட்டில் வேலை பார்த்தவர்களின் பெயர்கள் கூலிக்கணக்கு ஏட்டில் இருக்கின்றன, 43 பேர். ஊர்ப்பெயரோடு எழுதியிருக்கிறார்கள். ஏட்டை வாசித்துத் தருகிறேன், வாருங்கள்.

ஜூலை 3

பழம்பொருள் கடைக்காரர் போன் செய்தார். எட்டுக் குவளைக்கும் விலையை ஏற்றியிருக்கிறார். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளட்டுமா என்றார். கொல்லைப்புற அறையின் சாவி என்னிடம் இல்லை, பங்காளி ஒருவரிடம் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது.